ஏரி ஏன் பச்சையாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெளிவாக இருந்த ஏரி பச்சையாகி, நாறத் தொடங்கி, மீன்கள் மிதந்த பிறகுதான் பெரும்பாலும் இந்தக் கேள்விகள் எழுகின்றன. ஏரி நீரை அளப்பதையே வேலையாகக் கொண்டவர்களிடம் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. இந்தப் பாடத்தை உலகம் கற்றுக்கொண்ட கதைகளைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நேற்று வரை நன்றாகத்தானே இருந்தது? ஒரே இரவில் எப்படிப் பச்சையாகும்?

ஒரே இரவில் ஆவதில்லை. ஏரியின் மேல் பெயிண்ட் கொட்டியதுபோல் படர்வது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. பாசி என்று அழைத்தாலும் அது ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. அதன் உயிரணுக்குள் நுண்ணிய காற்றுப் பைகள் உண்டு. அவற்றைக் கொண்டு நீரில் ஏறவும் இறங்கவும் அதனால் முடியும். பல வாரங்களாக நீர் முழுவதும் பரவிப் பெருகிக்கொண்டிருக்கும். காற்று நீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும்வரை அது கண்ணுக்கு அவ்வளவாகப் படாது. காற்று அடங்கிய ஓர் இரவில் எல்லாம் மேலே வந்து திரண்டுவிடும். விடிந்ததும் நாம் பார்ப்பது அந்தத் திரட்சியை. பிறகு லேசாகக் காற்று வீசினாலும் அது ஒரு கரையில் போய் ஒதுங்கும். எதிர்க்கரையில் நிற்பவருக்கு ஏரி நன்றாக இருப்பதாகவே தோன்றும். ஒரே கரையில் எடுத்த ஒரு குவளை நீரை வைத்து ஏரியைப் பற்றி முடிவுக்கு வர வேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இவ்வளவு பாசிக்கு உணவு எங்கிருந்து வருகிறது?

கரியும் (கார்பன்) ஆக்சிஜனும் காற்றிலும் நீரிலும் தாராளமாகக் கிடைக்கின்றன. தட்டுப்பாடான பொருள் பாஸ்பரஸ். அது கழிவுநீரோடு வருகிறது, உரமிட்ட நிலத்தில் ஓடிவரும் மழைநீரோடு வருகிறது, கால்நடைக் கழிவோடும் அரித்துவரும் மண்ணோடும் வருகிறது. மிகக் கொஞ்சமே போதும்.

எவ்வளவு கொஞ்சம் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நீரில் மிதந்து வாழும் நுண்பாசிகளின் உடலில் 106 கரி அணுக்களுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ் என்ற விகிதம் சராசரியாகக் காணப்படுகிறது. கடலியலாளர் ஆல்பிரெட் ரெட்ஃபீல்டின் பெயரால் இந்த விகிதம் அறியப்படுகிறது. இதன்படி 1 கிராம் பாஸ்பரஸ், உலர்ந்த எடையில் ஏறக்குறைய 115 கிராம் பாசியை உருவாக்கும். ஈரத்தோடு நிறுத்தால் இதைப்போலப் பல மடங்கு. அந்தப் பாசி செத்து, அடியில் படிந்து, முழுவதும் மட்கிப்போக ஏறக்குறைய 140 கிராம் ஆக்சிஜன் வேண்டும். 20 டிகிரி செல்சியஸில் நல்ல நீர் ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனையே கரைத்து வைத்திருக்க முடியும். வகுத்துப் பாருங்கள்: ஒரு சிட்டிகைப் பாஸ்பரஸ், ஏறத்தாழ 15,000 லிட்டர் நீரின் மூச்சை நிறுத்தப் போதும்.

இந்தக் கணக்கை முதன்முதலாகப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து, வடிகால் வழியாக ஏரிக்கு வரும் எந்த நீரையும் என்னால் 'கொஞ்சம்தானே' என்று சொல்ல முடிந்ததில்லை.

குற்றவாளி பாஸ்பரஸ்தான் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

ஒரு முழு ஏரியையே சோதனைக்குழாய் ஆக்கிப் பார்த்ததால். 1960களில் வட அமெரிக்காவின் பெரிய ஏரிகள் பச்சையாகிக்கொண்டிருந்தன. அப்போது சலவைத்தூளில் பாஸ்பேட் ஏராளமாகச் சேர்க்கப்பட்டது. பாசியின் பெருக்கத்துக்குக் காரணம் பாஸ்பரஸ் அன்று, கரிதான் என்று சலவைத்தூள் தொழில் தரப்பு வாதிட்டது. ஆய்வகத்துக் குடுவைகளில் செய்த சோதனைகளும் அந்த வாதத்துக்கு ஓரளவு இடம்கொடுத்தன. மூடிய குடுவைக்குள் கரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்தத் தட்டுப்பாடு உண்மையில் குடுவையால் வந்தது.

1968இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில், ஆளில்லாக் காட்டுக்குள் இருந்த 58 சிறிய ஏரிகள் ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பட்டன. அங்கே பணியாற்றிய டேவிட் ஷிண்ட்லரும் தோழர்களும், இயல்பிலேயே கரி மிகக் குறைவாக இருந்த 227ஆம் எண் ஏரியில் 1969 முதல் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மட்டும் சேர்த்தார்கள். கரி சேர்க்கவில்லை. ஆனாலும் ஏரி பச்சையானது. வேண்டிய கரியை ஏரி காற்றிலிருந்தே இழுத்துக்கொண்டது.

அடுத்து 226ஆம் ஏரி. இடுப்புபோல் நடுவில் ஒடுங்கி, இரு பாதிகளாக இருக்கும் ஏரி அது. 1973இல் அந்த ஒடுங்கிய இடத்தில் வினைல் திரை ஒன்றை அடிவரை இறக்கி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கரியும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். மறு பாதியில் அதே கரி, அதே நைட்ரஜன், கூடவே பாஸ்பரஸ். சில வாரங்களில் பாஸ்பரஸ் சேர்த்த பாதி பச்சைப் பால்போல் ஆனது. மற்றப் பாதி இருண்டு தெளிந்தே கிடந்தது. வானிலிருந்து எடுத்த அந்த ஒரு புகைப்படம், ஆயிரம் பக்க அறிக்கைகளால் முடியாததைச் செய்தது. அதைப் பார்த்த எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் குறைக்கும் சட்டங்கள் பல நாடுகளில் வலுப்பெற்றதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

சுற்றுச்சூழல் ஆராய்ச்சி என்றால் என்ன என்று இளையவர்கள் கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த ஏரியின் கதையைத்தான். கேள்வி எவ்வளவு பெரியதோ, அந்த அளவுக்குச் சோதனையும் பெரியதாக இருக்க வேண்டும்.

அப்படியானால் நைட்ரஜனைக் கண்டுகொள்ள வேண்டியதில்லையா?

இதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. மேலே சொன்ன 227ஆம் ஏரியில் நைட்ரஜனைப் படிப்படியாகக் குறைத்து 1990இல் அடியோடு நிறுத்தியும் பாசி குறையவில்லை. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தன் உணவாக்கிக்கொள்ளும் பாசி வகைகள் அந்தக் குறையை ஈடுகட்டிவிட்டன. ஆகவே நன்னீர் ஏரியில் பாஸ்பரஸைப் பிடிப்பதுதான் முதல் வேலை என்பது என் கருத்து.

கழிமுகத்திலும் கடலிலும் கதை வேறு. அங்கே பெரும்பாலும் நைட்ரஜன்தான் தட்டுப்பாடான பொருள். மெக்சிகோ வளைகுடாவில் மிசிசிப்பி ஆறு கொண்டுவந்து கொட்டும் நைட்ரஜனால் கோடைதோறும் அடிநீரில் ஆக்சிஜன் அற்றுப்போய் ஒரு 'மரண மண்டலம்' உருவாகிறது. இப்படிப்பட்ட 400க்கும் மேற்பட்ட இடங்களை 2008இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு பட்டியலிட்டது. மொத்தப் பரப்பு 2,45,000 சதுர கிலோமீட்டர். ஏரியைக் காப்பாற்றுவதற்காகப் பாஸ்பரஸை மட்டும் பிடித்துவிட்டு நைட்ரஜனை ஆற்றோடு விட்டால், தொல்லை கீழே கடலுக்கு இடம்மாறும். நீர் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மீன்கள் ஏன் விடியற்காலையில் சாகின்றன?

பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவில் அதே பாசி ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. மீன்களும் அடிச்சேற்றின் பாக்டீரியாக்களும் அதையே எடுத்துக்கொள்கின்றன. கதிரவன் எழுவதற்குச் சற்று முன் இருப்பு மிகக் குறைந்திருக்கும். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்களால் தாங்க முடியாது. நண்பகலில் வந்து அளந்துவிட்டு 'ஆக்சிஜன் போதுமான அளவு உள்ளது' என்று அறிக்கை எழுதுவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து விளங்கும். எண் சரியாக இருக்கலாம், அளந்த வேளை தவறு.

ஆக்சிஜனை அளக்க இன்று மின்முனைக் கருவிகள் இருக்கின்றன. ஆனாலும் லயோஷ் விங்க்ளர் என்ற ஹங்கேரியர் 1888இல் கண்டுபிடித்த முறையை ஒரு முறையாவது கையால் செய்து பார்க்க வேண்டும். குமிழி புகாமல் சிறு புட்டியில் நீரை நிரப்பி, மாங்கனீசு உப்புக் கரைசலையும், காரத்தோடு அயோடைடு கலந்த கரைசலையும் சில சொட்டுகள் விடுகிறோம். ஆக்சிஜன் உள்ள நீர் என்றால் பழுப்புப் பஞ்சுபோல் வீழ்படிவு திரண்டு மெல்ல இறங்கும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் அது வெள்ளையாகவே இருக்கும். அமிலம் விட்டதும் பழுப்பு கரைந்து மஞ்சளாகும். பிறகு மாச்சத்துக் கரைசலைச் சேர்த்தால் நீலம். தயோசல்பேட் என்ற உப்பின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, ஒரு சொட்டில் நீலம் மறையும். செலவான சொட்டுகளைக் கணக்கிட்டால் ஆக்சிஜனின் அளவு கிடைத்துவிடும். செத்துக்கொண்டிருக்கும் ஓர் ஏரியின் அடியிலிருந்து எடுத்த புட்டியில் அந்த வெள்ளை வீழ்படிவைப் பார்ப்பது மனத்தை உலுக்குகிறது.

பச்சை நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாமா?

கூடாது. நீலப்பச்சைப் பாசிகள் சில மைக்ரோசிஸ்டின் என்ற கல்லீரல் நஞ்சை உண்டாக்குகின்றன. கொதித்தாலும் அது அழியாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவுதான் கூடும். குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள நீண்டகால வழிகாட்டு வரம்பு. 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியில் படர்ந்த பாசியால் அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஏறக்குறைய 4 லட்சம் பேரிடம், குழாய் நீரைக் குடிக்க வேண்டாம், கொதிக்கவும் வைக்க வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது. கால்நடைகளையும் நாய்களையும் அந்த நீரருகே விடாதீர்கள்.

கழிவுநீரை நிறுத்திவிட்டால் ஏரி தெளிந்துவிடுமா?

தெளியும். எவ்வளவு நாளில் என்பது ஏரிக்கு ஏரி மாறும்.

மனத்துக்கு இதமான கதையை முதலில் சொல்கிறேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரிக்குள் சுற்றியிருந்த ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீர் கலந்துகொண்டிருந்தது. 1955இல், சீர்கேட்டின் அறிகுறியாக அறியப்பட்ட ஒரு பாசி வகை அங்கே தலைகாட்டியது. டபிள்யூ. டி. எட்மண்ட்சன் என்ற ஏரியியல் அறிஞர் இனி என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே கணித்து மக்களிடம் எடுத்துச் சொன்னார். 1958இல் நடந்த வாக்கெடுப்பு முதல் முறை தோற்று, அதே ஆண்டில் இரண்டாம் முறை வென்றது. 1963 முதல் 1968 வரை கழிவுநீர் படிப்படியாக ஏரியிலிருந்து திருப்பிவிடப்பட்டது. 60களின் நடுவில் கோடையில் 1 மீட்டர் ஆழம் வரைகூடப் பார்க்க முடியாத ஏரி, 70களின் தொடக்கத்தில் 3 மீட்டர் ஆழத்துக்குத் தெளிந்தது. 1976க்குப் பிறகு டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு பெருகி எஞ்சிய பாசியையும் மேயத் தொடங்கியதும் இன்னும் தெளிவானது. இந்தக் கடைசி மாற்றத்தை எவரும் திட்டமிடவில்லை. மேல்சுமை இறங்கியதும் உணவுச் சங்கிலி தன் வேலையைத் தானே செய்துகொண்டது.

எல்லா ஏரிகளுக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. வாஷிங்டன் ஏரி ஆழமானது. அதன் நீர் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை முழுவதும் மாறிவிடும். சீர்கேடும் நீண்ட காலம் நீடிக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழிவை வாங்கிய ஏரியின் அடிச்சேற்றில் பாஸ்பரஸ் பெரும் சேமிப்பாகக் கிடக்கும். ஆக்சிஜன் இருக்கும்வரை சேற்றிலுள்ள இரும்பு அதைப் பிடித்து வைத்திருக்கும். அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பின் பிடி தளர்ந்து, பாஸ்பரஸ் மீண்டும் நீருக்குள் வரும். அதில் பாசி பெருகும், செத்து விழும், ஆக்சிஜனைத் தின்னும், மறுபடியும் பாஸ்பரஸ் கிளம்பும். வெளியிலிருந்து ஒரு சொட்டுக்கூட வராமலே ஏரி தன்னைத்தானே கெடுத்துக்கொண்டிருக்கும். 35 ஏரிகளை ஒப்பிட்டு 2005இல் வெளிவந்த ஆய்வு, வெளியிலிருந்து வரும் பாஸ்பரஸைக் குறைத்த பிறகு நீரின் பாஸ்பரஸ் புதிய நிலைக்கு வந்துசேரப் பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகள் ஆயின என்று காட்டியது.

பதவிக் காலமோ திட்டக் காலமோ 5 ஆண்டுதான். ஏரியின் கணக்கு அதற்குள் அடங்காது. மூன்றாம் ஆண்டில் 'பலனில்லை' என்று கைவிடப்பட்ட முயற்சிகளை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

எங்கள் ஏரி ஆழமே இல்லாதது. அதற்கும் இதே கணக்குதானா?

ஆழமற்ற ஏரி இரண்டு விதமாக நிலைகொள்ளும். ஒன்று, அடியில் நீர்த்தாவரங்கள் அடர்ந்து, வண்டலைப் பிடித்துவைத்து, நீர் தெளிந்திருக்கும் நிலை. மற்றது, தாவரம் அற்று, காற்றில் சேறு கலங்கி, பாசி மண்டிய நிலை. ஒரு நிலைக்குப் போய்விட்டால் அது தன்னைத்தானே காத்துக்கொள்ளும். தெளிவு எந்தப் பாஸ்பரஸ் அளவில் குலைந்ததோ அந்த அளவுக்குத் திரும்பினால் போதாது. அதைவிட நன்றாகக் கீழே இறக்கினால்தான் தெளிவு திரும்பும். நெதர்லாந்தின் ஏரிகளில் மார்ட்டன் ஷெஃபரும் பிறரும் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அடியைக் கிளறும் மீன்களைப் பெருமளவு பிடித்து அகற்றி, சில ஏரிகளை மறுபக்கம் தள்ளவும் முடிந்திருக்கிறது. வரத்து குறையாத இடத்தில் அந்தப் பலன் நீடிப்பதில்லை. அடியில் வளரும் தாவரத்தை 'களை' என்று பிடுங்கி எறிவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

மருந்து தெளிப்பது, நீரூற்று வைப்பது, தூர்வாருவது: எது பலன் தரும்?

தாமிர சல்பேட் பாசியைக் கொல்லும். கொல்லும்போது உயிரணு உடைந்து உள்ளிருந்த நஞ்சு மொத்தமாக நீரில் கலக்கும். பாசியை மேயும் நுண்ணுயிர்களும் சாகும். பாஸ்பரஸ் ஏரியிலேயே இருக்கும். மேற்பரப்பில் நீரூற்று வைத்தால் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். படிகாரம் போன்ற அலுமினிய உப்புகளும் லாந்தனம் என்ற உலோகம் ஏற்றிய களிமண்ணும் பாஸ்பரஸை அடியில் பூட்டிவைப்பது உண்மை. ஏரியின் கணக்கைப் போட்டுத் தேர்ந்தவர்கள் செய்தால் சில ஆண்டுகளுக்குப் பலன் உண்டு.

தூர்வாருவதற்கு ஸ்வீடனின் டிரம்மன் ஏரி நல்ல எடுத்துக்காட்டு. 1950களின் கடைசியில் கழிவுநீரை நிறுத்தியும் 10 ஆண்டுகளுக்கு மேல் அது தேறவில்லை. 1970, 1971 ஆண்டுகளில் சத்து ஏறிய மேற்சேற்றை உறிஞ்சி எடுத்த பிறகே தெளிந்தது. கழிவுநீர் வரத்தை முதலில் அடைத்தார்கள், பிறகு சேற்றை எடுத்தார்கள். இந்த வரிசையை மாற்றினால் வாரிய சேற்றின் இடத்தில் புதுச் சேறு வந்து நிற்கும்.

100 ஆண்டுகளுக்கு முன் ஏரி எப்படி இருந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அப்போது யாரும் அளக்கவில்லையே?

ஏரியே எழுதி வைத்திருக்கிறது. படகிலிருந்து ஒரு நீண்ட ஒளிபுகும் குழாயை அடிச்சேற்றுக்குள் நேராக இறக்கி எடுத்தால், சேறு குலையாமல் தூணாக வரும். மேலே நேற்று விழுந்த கறுத்த கூழ். கீழே போகப்போக நிறம் வெளிறி இறுகிய களி. அதை அரை சென்டிமீட்டர் வில்லைகளாகச் சீவுகிறோம். ஒவ்வொரு வில்லையிலும் டயட்டம் என்ற நுண்பாசிகளின் கண்ணாடி ஓடுகள் அழியாமல் கிடக்கும். எந்த இனம் எவ்வளவு சத்துள்ள நீரில் வாழும் என்பது தெரியுமாதலால், ஓடுகளை எண்ணினால் அன்றைய நீரின் தன்மை விளங்கும். வில்லையின் வயதைக் காரீயம்-210 என்ற கதிரியக்க ஈயம் சொல்லும். அதன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 22 ஆண்டுகளுக்குச் சற்று அதிகம். அணுகுண்டுச் சோதனைகள் உச்சத்தில் இருந்த காலத்துச் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள், பல ஏரிகளின் சேற்றில் 1963 என்று முத்திரை குத்தியதுபோல் ஓர் அடுக்கில் தெரியும். 'இந்த ஏரி எப்போதுமே இப்படித்தான் இருந்தது' என்று சொல்பவர்களுக்கு அந்தச் சேற்றுத் தூண்தான் பதில்.

உரத்தை விட்டுவிடலாமா?

முடியாது, கேட்பதும் நியாயமில்லை. பாஸ்பரஸ் இல்லாமல் பயிர் இல்லை. அதற்கு மாற்றாக வேறு தனிமமும் இல்லை. அது பாறையிலிருந்து வெட்டி எடுக்கப்படுகிறது, அந்தப் பாறை இருப்பில் ஏறக்குறைய 70 விழுக்காடு மொராக்கோ, மேற்கு சகாரா பகுதியில் குவிந்து கிடக்கிறது. வெட்டியெடுத்து, கப்பலேற்றி, நிலத்தில் இட்டு, ஏரியில் கரைத்து, அதையே நஞ்சாக்குகிறோம். ஒரே பொருள் ஓரிடத்தில் பற்றாக்குறை, இன்னோரிடத்தில் மாசு. ஆகவே ஏரியைக் காப்பதும் பாஸ்பரஸைக் காப்பதும் ஒரே வேலை.

மண்ணைச் சோதித்துத் தேவையான அளவே இடுவது, பெருமழைக்கு முன் இடாமல் இருப்பது, ஓடைக்கரையில் உழாத பசும்பட்டை விடுவது, இவையெல்லாம் பயனுள்ளவை. பல ஆண்டுகள் மிகையாக உரமிட்ட மண்ணிலிருந்து பாஸ்பரஸ் தொடர்ந்து கசியும் என்பதால் இதற்கும் பொறுமை வேண்டும்.

பாஸ்பரஸை 1669இல் ஹென்னிக் பிராண்ட் முதன்முதலில் பிரித்தெடுத்தது மனிதச் சிறுநீரிலிருந்து. இன்று கழிவுநீர் நிலையங்கள் மீண்டும் அதே மூலத்துக்கு வந்திருக்கின்றன. குழாய்களில் படிந்து அடைத்துத் தொல்லை கொடுத்துவந்த ஸ்ட்ரூவைட் என்ற படிகத்தை வேண்டுமென்றே விளைவித்து உரமாக எடுக்கிறார்கள். ஜெர்மனி 2017இல் விதி வகுத்து, பெரிய நிலையங்கள் 2029 முதல் கழிவுச் சேற்றிலிருந்து பாஸ்பரஸை மீட்க வேண்டும் என்று ஆக்கியிருக்கிறது.

புவி வெப்பமாதலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. வெதுவெதுப்பான நீரில் நீலப்பச்சைப் பாசி மற்றப் பாசிகளை முந்தும். வெப்ப நீர் குறைவான ஆக்சிஜனையே கரைக்கும். மேல்நீரும் அடிநீரும் கலக்காமல் பிரிந்திருக்கும் காலம் நீளும். கடும் மழை அதிகச் சத்தை அடித்து வரும். வெப்பம் ஏறும் உலகில் ஏரிக்குள் வரும் பாஸ்பரஸை முன்பைவிடக் குறைவாக வைத்தால்தான் முன்பிருந்த தெளிவு கிடைக்கும்.

ஆய்வகம் இல்லாத நான் என்ன அளக்க முடியும்?

தெளிவை அளக்கலாம். 1865இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலிய வானியலாளர் மத்தியதரைக் கடலில் வெள்ளை வட்டை இறக்கி நீரின் தெளிவை அளந்தார். இன்று ஏரிகளில் பயன்படுவது 20 சென்டிமீட்டர் அகலத்தில், கறுப்பும் வெள்ளையுமாக நான்கு கால்வட்டங்கள் தீட்டிய தட்டு. அடியில் எடை, நடுவில் அளவு குறித்த கயிறு. அமெரிக்காவின் டாஹோ ஏரியில் 1968 முதல் இத்தகைய வட்டை இறக்கி வருகிறார்கள். ஆண்டுச் சராசரி 31 மீட்டரிலிருந்து ஏறக்குறைய 20 மீட்டருக்குக் குறைந்த வரலாறு முழுவதும் ஒரு கயிற்றின் அளவுகளில் பதிவாகியிருக்கிறது.

படகின் நிழல் விழும் பக்கத்தில், காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில் இறக்குங்கள். வட்டு மறையும் ஆழத்தைக் குறியுங்கள். கொஞ்சம் இறக்கிவிட்டு மெல்ல இழுங்கள். மறுபடி தெரியும் ஆழத்தையும் குறியுங்கள். இரண்டின் சராசரிதான் உங்கள் அளவு. ஒரே இடத்தில், இரு வாரத்துக்கு ஒரு முறை. தேதியோடு வானம், காற்று, நீரின் நிறம், முந்தைய நாள்களின் மழை எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். தெளிவாக இருந்த நாள்களையும் விடாமல் எழுதுங்கள். ஏரி கெட்ட பிறகு எங்களிடம் இல்லாமல் போவது அந்த நாள்களின் கணக்குதான்.